வைக்கோல் நிற நீர்: ரத்தப் பிளாஸ்மாவும் அதன் பணிகளும்

ரத்தத்திலிருந்து சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றையும் நீக்கினால் எஞ்சி நிற்கும் திரவம் பிளாஸ்மா. உறையாமலிருக்க மருந்து கலந்த ரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் அசைக்காமல் நிறுத்தி வைத்தால், கனமான செல்கள் அடியில் படிகின்றன. மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் நிற்கிறது. ரத்தத்தின் சிவப்பு, சிவப்பணுக்களுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினுடையது. பிளாஸ்மாவின் இளமஞ்சள், ஆயுள் முடிந்த சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் பிலிருபினுடையது. மஞ்சள் காமாலையில் பிலிருபின் மிகுந்துவிடுவதால் பிளாஸ்மா அடர் மஞ்சளாகிறது; கண்ணின் வெள்ளைப் பகுதியில் படியும் மஞ்சளும் அதே பொருள்தான்.

வயது வந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. அதில் சுமார் 55 விழுக்காடு, அதாவது 3 லிட்டருக்குச் சற்றுக் குறைவான அளவு, பிளாஸ்மா. பிளாஸ்மாவில் 90 முதல் 92 விழுக்காடு வரை வெறும் நீர். ஒரு லிட்டரில் 60 முதல் 80 கிராம் வரை புரதங்கள் கரைந்திருக்கின்றன. மீதமுள்ள சிறு பகுதியில் உப்புகள், சர்க்கரை, கொழுப்பு, அமினோ அமிலங்கள், ஹார்மோன்கள், வைட்டமின்கள், யூரியா, கரைந்த வாயுக்கள் எல்லாம் அடங்கும். ரத்தம் உறைந்த பிறகு கட்டியிலிருந்து பிரிந்து வரும் நீர் சீரம் எனப்படும். உறைதலில் செலவாகிவிட்ட ஃபைப்ரினோஜனும் வேறு சில உறைபொருள்களும் சீரத்தில் இரா, பிளாஸ்மாவில் இருக்கும்.

சுமக்கும் நீர்

உடலின் எந்தச் செல்லும் தனக்கு வேண்டியதைத் தானே போய் எடுத்துவர முடியாது. எல்லாம் பிளாஸ்மாவில் வந்து சேர்கின்றன. குடல் உறிஞ்சிய குளுக்கோஸும் அமினோ அமிலங்களும் இதில் கரைந்து கல்லீரலுக்கும், அங்கிருந்து தசைக்கும் மூளைக்கும் போகின்றன. கொழுப்பு நீரில் கரையாது. எனவே புரத உறைக்குள் பொதிந்து லிப்போபுரதமாக மிதந்து செல்கிறது. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் எல்.டி.எல்., எச்.டி.எல். என்று வருபவை இந்தப் பொதிகளே. கணையம் சுரக்கும் இன்சுலின், தைராய்டு சுரக்கும் தைராக்சின், விழுங்கிய மாத்திரையின் மருந்து யாவும் பயணிப்பது இதே நீரில்தான்.

திரும்பும் வழியில் கழிவுகள் ஏறுகின்றன. கல்லீரலில் உருவாகும் யூரியா சிறுநீரகத்துக்குப் போகிறது. திசுக்களில் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய 70 விழுக்காடு, சிவப்பணுவுக்குள் பைகார்பனேட்டாக மாற்றப்பட்டு, பெரும்பாலும் பிளாஸ்மாவில் கரைந்தே நுரையீரலை அடைகிறது. ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபினின் வேலை. அதில் மட்டும் பிளாஸ்மாவின் பங்கு மிகச் சிறிது.

உடலின் வெப்பத்தைப் பங்கிடுவதும் இந்த நீரே. உழைக்கும் தசையில் பிறக்கும் வெப்பத்தை ஏற்று, தோலுக்கு அடியிலுள்ள நுண்ணிய குழாய்களுக்குக் கொண்டுவந்து வெளியே விடுகிறது. வெயிலில் வேலை செய்பவரின் வியர்வைக்கான நீரும் கடைசியில் பிளாஸ்மாவிலிருந்துதான் வந்தாக வேண்டும். அதனால்தான் நீர் குடிக்காமல் உழைத்தால் ரத்தத்தின் அளவே குறைந்து தலை சுற்றுகிறது.

நீரைப் பிடித்து வைக்கும் ஆல்புமின்

ரத்த நாளங்களில் மிக மெல்லியவை தந்துகிகள். அவற்றின் சுவரில் உள்ள இடுக்குகள் வழியே நீரும் சிறு மூலக்கூறுகளும் திசுவுக்குள் கசிகின்றன. கசிந்தது அப்படியே தங்கிவிட்டால் சில மணி நேரத்தில் நாளங்கள் வற்றிப்போகும். அதைத் தடுக்கும் முதன்மைப் புரதம் ஆல்புமின். கல்லீரல் இதை இடைவிடாமல் உற்பத்தி செய்கிறது. ஒரு லிட்டர் பிளாஸ்மாவில் 35 முதல் 50 கிராம் வரை இருக்கிறது. தந்துகியின் இடுக்கில் எளிதில் நுழையாத அளவுக்குப் பெரிய மூலக்கூறு என்பதால் உள்ளேயே தங்கி, நீரைத் தன் பக்கம் இழுக்கிறது. இதயம் தரும் அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது, புரதத்தின் இழுவிசை உள்ளே நிறுத்துகிறது என்ற இந்தச் சமநிலையை 1896இல் விளக்கியவர் ஆங்கில உடலியலாளர் எர்னஸ்ட் ஸ்டார்லிங். அப்படியும் திசுவில் எஞ்சும் நீரை நிணநீர்க் குழாய்கள் திரட்டி மீண்டும் ரத்தத்தில் சேர்க்கின்றன.

ஆல்புமின் குறைந்தால் என்ன ஆகும் என்பது கண்ணுக்கே தெரியும். கல்லீரல் சுருங்கியவரின் வயிற்றில் நீர் கோக்கிறது. சிறுநீரகம் புரதத்தை ஒழுகவிடும் நோயில் காலையில் எழும்போது முகமும் இமையும் வீங்கியிருக்கின்றன. புரதமில்லாத உணவிலேயே வளரும் குழந்தைக்குக் காலும் முகமும் உப்பி, பார்ப்பவருக்குக் கொழுகொழுவென்று இருப்பதுபோல் தோன்றக்கூடும். அந்த உப்பலில் இருப்பது சதை இல்லை, இடம் மாறிய நீர்.

ஆல்புமின் போதிய அளவு இருந்தும் சுவரே கசியத் தொடங்கும் நோய் டெங்கு. காய்ச்சல் இறங்கும் நேரத்தில், பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே, சிலருக்குத் தந்துகிச் சுவர்கள் தளர்ந்து பிளாஸ்மா நெஞ்சுக்கூட்டிலும் வயிற்றறையிலும் தேங்குகிறது. இந்தக் கசிவு 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். நாளத்துக்குள் செல்கள் அப்படியே இருக்க, நீர் மட்டும் வெளியேறுவதால் ரத்தம் கெட்டியாகிறது. ரத்தத்தில் சிவப்பணுக்களின் கன அளவு விகிதம் ஏறுகிறது. வீட்டார் கேட்பது பிளேட்லெட் எண்ணிக்கையைத்தான். மருத்துவர் அதோடு இந்த விகிதத்தையும் ரத்த அழுத்தத்தையும் மணிக்கணக்கில் கவனிக்கிறார். டெங்குவில் உயிரைப் பறிக்கும் அதிர்ச்சி நிலைக்கு முதல் காரணம் பிளாஸ்மா இழப்பு. அளவறிந்து ஏற்றப்படும் உப்பு நீர்மமே அதற்கு முதல் மருந்து.

காவல் உள்ள பொருள்கள்

பிளாஸ்மாவில் கரைந்திருக்கும் பொருள்களில் சிலவற்றின் அளவை உடல் மிகக் கண்டிப்பாகக் காக்கிறது. சோடியம் ஒரு லிட்டரில் 135 முதல் 145 மில்லிமோல்; பொட்டாசியம் 3.5 முதல் 5 மில்லிமோல். கால்சியம் 100 மில்லிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம், அமில-கார அளவு 7.35 முதல் 7.45. இந்த எல்லை தாண்டினால் இதயத் துடிப்பு தடுமாறும், தசை இழுக்கும், நினைவு மங்கும்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு காவல் உண்டு. கால்சியம் சற்றே குறைந்தால் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் உடனே ஹார்மோனைச் சுரந்து, எலும்பிலிருந்து கால்சியத்தைக் கடன் வாங்குகின்றன. நீர் குறைந்தால் மூளை தாகத்தைத் தூண்டுகிறது. சிறுநீரகம் நீரைச் சேமிக்கிறது. அமிலம் கூடினால் பைகார்பனேட் அதை ஏற்கிறது; மூச்சு வேகமெடுத்துக் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுகிறது. சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டுகின்றன. உடலில் இருக்கும் 3 லிட்டர் பிளாஸ்மாவையே ஒரு நாளில் 60 தடவை வடிகட்டுவதற்கு இது சமம். அதில் ஒன்றிரண்டு லிட்டர் தவிர மற்றதெல்லாம் மீண்டும் ரத்தத்துக்கே திரும்புகிறது.

காவல் இல்லாத ஒன்று: கடத்தூர்க் கிணற்று நீர்

உள்ளே வரும் எல்லாவற்றுக்கும் இப்படிக் காவல் இல்லை என்பதற்குத் தருமபுரி மாவட்டத்தின் நிலத்தடி நீர் ஒரு பாடம். கடத்தூர்ப் பேரூராட்சியும் சுற்றியுள்ள ஊர்களும் அடங்கிய இந்த மாவட்டம், தமிழ்நாட்டில் குடிநீரில் ஃபுளோரைடு மிகுந்த பகுதிகளில் முதன்மையானது. கடினப் பாறைகளில் உள்ள அபடைட், பயோடைட், ஹார்ன்பிளெண்ட் போன்ற கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு நீரில் இறங்குகிறது. மழை குறைந்து, ஆழ்துளைக் கிணறுகள் ஆழமாகப் போகப் போக, நீர் பாறையோடு உறவாடும் காலமும் நீள்கிறது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடு ஏற்கத்தக்கது. வேறு நீர் இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதி. அதைத் தாண்டினாலும் நாக்குக்குத் தெரியாது. உப்புத் தண்ணீர் என்றும் சப்பைத் தண்ணீர் என்றும் மக்கள் ருசியால் பிரிப்பதற்கும் ஃபுளோரைடுக்கும் தொடர்பில்லை. காய்ச்சினாலும் போகாது, நீர் ஆவியாகிக் குறைவதால் செறிவு கூடவே செய்யும்.

குடித்த நீரிலுள்ள ஃபுளோரைடின் பெரும்பகுதியை இரைப்பையும் சிறுகுடலும் உறிஞ்சிக்கொள்கின்றன. 20 நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவில் அதன் அளவு உச்சத்தை எட்டுகிறது. ஆல்புமினோடு அது ஒட்டிக்கொள்வதில்லை. அயனியாகத் தனித்தே அலைகிறது. கால்சியத்துக்குப் பாராதைராய்டு இருப்பதுபோல் ஃபுளோரைடுக்கு எந்தச் சுரப்பியும் இல்லை. குடிநீரில் கூடினால் பிளாஸ்மாவிலும் கூடும், குறைந்தால் குறையும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ள நீரைக் குடிப்பவரின் பிளாஸ்மாவில் லிட்டருக்கு ஏறத்தாழ 0.02 மில்லிகிராம் காணப்படும்.

பிளாஸ்மாவில் ஃபுளோரைடு இவ்வளவு குறைந்த அளவிலேயே நிற்பதற்குக் காரணம், இரண்டு இடங்கள் அதை இறக்கிக்கொள்கின்றன. ஒன்று சிறுநீரகம், வயது வந்தவரில் உறிஞ்சப்பட்டதில் ஏறக்குறைய பாதி சிறுநீரில் போய்விடுகிறது. மற்றொன்று எலும்பு. வளரும் குழந்தையின் எலும்பு இன்னும் அதிகமாக, சில வேளை 80 விழுக்காடு வரை, பிடித்து வைத்துக்கொள்கிறது. உடலில் தங்கும் ஃபுளோரைடில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும்தான். ஆகவே ஒரு நாள் எடுக்கும் ரத்தப் பரிசோதனை அண்மையில் குடித்த நீரைப் பற்றிச் சொல்லும். பல ஆண்டுகளாகக் குடித்த நீரின் கணக்கு எலும்பில் இருக்கும்.

பல் கறையின் கதையும் இதுவே. ஈறுக்கு அடியில் எனாமல் உருவாகும் வயதில், அதாவது ஏறக்குறைய எட்டு வயது வரை, பிளாஸ்மா வழியே வந்து சேரும் மிகை ஃபுளோரைடு அந்த எனாமலைச் சீராக முதிரவிடுவதில்லை. பல் முளைக்கும்போதே வெண்புள்ளியும் பிறகு பழுப்புக் கோடும் தெரிகின்றன. கறை வெளியிலிருந்து ஒட்டியதில்லை என்பதால் தேய்த்துப் போக்க முடியாது. எனாமல் உருவாகி முடிந்த பிறகு அந்த ஊருக்குக் குடிவந்தவருக்குப் பல்லில் இந்தக் கறை வராது. ஆனால் நெடுங்காலம் குடித்தால் எலும்பு பாதிக்கப்படும். மூட்டுகள் இறுகி, முதுகு விறைத்து, கடும் நிலையில் குனியவும் நிமிரவும் முடியாமல் போகும். இந்தியாவில் இந்த எலும்பு நோயை முதலில் விவரித்தவர்கள் சென்னை கிண்டி கிங் நிலையத்தைச் சேர்ந்த எச்.இ. ஷார்ட்டும் உடன் பணியாற்றியவர்களும். அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்து ஊர்களை ஆராய்ந்து 1937இல் எழுதினார்கள்.

கால்சியம் இந்தக் கதையில் இரண்டு இடத்தில் குறுக்கிடுகிறது. கால்சியமும் ஃபுளோரைடும் சேர்ந்தால் எளிதில் கரையாத உப்பு உண்டாகும். எனவே கால்சியம் மிகுந்த கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம் தங்குவதில்லை. கால்சியம் குறைந்து, சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த நீரில் ஏறுகிறது. வயிற்றிலும் அதே வேதியியல்தான். உணவில் கால்சியம் இருந்தால் ஃபுளோரைடில் ஒரு பகுதி குடலிலேயே பிடிபட்டு, பிளாஸ்மாவை எட்டாமல் கழிகிறது. இந்த வட்டாரத்தின் பழைய உணவான கேழ்வரகுக் களிக்கு இதில் ஒரு மதிப்பு உண்டு. 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. என்றாலும் உணவு, நல்ல நீருக்கு ஈடாகாது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவர ஜப்பானிய நிதியுதவியோடு 1928.80 கோடி ரூபாய் மதிப்பில் தீட்டப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் முழுப் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்புத் தணிப்பும் இடம்பெற்றிருக்கிறது. குழாயில் வரும் நீர் மாறினால் பிளாஸ்மாவிலுள்ள ஃபுளோரைடின் அளவு சில நாளில் மாறும். எலும்பில் சேர்ந்தது கரைந்து வர ஆண்டுகள் பிடிக்கும்.

உறையும் நீர்

பிளாஸ்மாவின் மற்றொரு பணி, நாளம் அறுந்தால் அடைப்பது. லிட்டருக்கு 2 முதல் 4 கிராம் வரை கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜன், காயம் பட்ட இடத்தில் ஃபைப்ரின் என்ற நூலாகத் திரிந்து, வலைபோல் பின்னி, அணுக்களைச் சிக்கவைத்துக் கட்டியாக்குகிறது. இதற்கு முன்னால் ஒரு நீண்ட வரிசை இயங்கியாக வேண்டும். ரோம எண்களால் குறிக்கப்படும் உறைபொருள்கள் ஒன்றையொன்று எழுப்பி, இறுதியில் திராம்பினை உண்டாக்குகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றைக் கல்லீரல் தயாரிக்கிறது. சிலவற்றுக்கு வைட்டமின் கே வேண்டும். எட்டாம் பொருள் பிறவியிலேயே குறைந்தால் ஹீமோபிலியா ஏ. ஒன்பதாம் பொருள் குறைந்தால் ஹீமோபிலியா பி.

இந்த வரிசை காலியாகிப் போவதைக் காட்டும் விபத்து, கண்ணாடி விரியன் கடி. மானாவாரிக் காட்டிலும் வரப்பிலும் வேலை செய்வோரைக் கடிக்கும் இந்தப் பாம்பின் நஞ்சு, ஐந்தாம், பத்தாம் உறைபொருள்களைத் தேவையில்லாமல் எழுப்பிவிடுகிறது. நாளத்துக்குள் எங்கும் நுண்ணிய உறைதல் நடந்து, ஃபைப்ரினோஜன் முழுவதும் செலவாகிவிடுகிறது. உறையவைக்கும் நஞ்சு, முடிவில் ரத்தத்தை உறையவே முடியாததாக்குகிறது. ஈறிலும் கடிவாயிலும் ரத்தம் கசிகிறது, சிறுநீரகம் பழுதாகிறது.

இதை அறிய ஆரம்ப சுகாதார நிலையத்திலும் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லிலிட்டர் ரத்தத்தை எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமல் ஓடினால் நஞ்சு ஏறியிருக்கிறது என்று பொருள். பிளாஸ்டிக் குழாய் இதற்கு உதவாது. உறைதலைத் தொடங்கி வைப்பதே கண்ணாடிப் பரப்புதான். நஞ்சுமுறி மருந்து கொடுத்தபின் 6 மணி நேரம் கழித்தே சோதனையைத் திரும்பச் செய்கிறார்கள். நஞ்சு முறிந்தாலும், தீர்ந்துபோன உறைபொருள்களைக் கல்லீரல் மீண்டும் செய்து பிளாஸ்மாவில் இறக்க அவ்வளவு நேரமாகும்.

எதிர்ப்பொருளும் குதிரையின் பிளாஸ்மாவும்

அந்த நஞ்சுமுறி மருந்தும் ஒரு பிளாஸ்மாப் பொருளே. வெள்ளையணு வகையில் சேர்ந்த பிளாஸ்மா செல்கள் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள்களைச் சுரந்து பிளாஸ்மாவில் விடுகின்றன. ஒருமுறை வந்த கிருமியை மறுமுறை அடையாளம் காண்பவை இவை. தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே சிசுவுக்குப் போய், பிறந்த முதல் சில மாதங்களுக்குக் காவல் நிற்கிறது. ஓர் உயிரின் எதிர்ப்பொருளை வேறோர் உயிருக்குக் கொடுக்கலாம் என்று 1890இல் எமில் ஃபான் பேரிங்கும் ஷிபாசாபுரோ கிடாசாட்டோவும் காட்டினார்கள். மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு 1901இல் பேரிங்குக்குக் கிடைத்தது.

இந்தியாவில் நஞ்சுமுறி மருந்துக்கான நஞ்சின் பெரும்பகுதி, மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வருகிறது. 1978இல் தொடங்கிய இந்தச் சங்கத்தில் நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு பாம்புகளின் நஞ்சு எடுக்கப்படுகிறது. நஞ்சு எடுத்தபின் பாம்புகளைக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். மருந்து நிறுவனங்கள் அந்த நஞ்சைக் குதிரைக்கு மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிச் செலுத்துகின்றன. குதிரையின் ரத்தத்தை எடுத்து, பிளாஸ்மாவை மட்டும் வைத்துக்கொண்டு, சிவப்பணுக்களைக் குதிரைக்கே திருப்பி ஏற்றலாம். பிளாஸ்மாவிலுள்ள எதிர்ப்பொருளைப் பெப்சின் நொதியால் வெட்டித் தூய்மையாக்கி, உறையவைத்து உலர்த்தித் தூளாக்குகிறார்கள். ஒரு குப்பியை 10 மில்லிலிட்டர் நீரில் கரைத்தால், ஒவ்வொரு மில்லிலிட்டரும் 0.6 மில்லிகிராம் நாக நஞ்சையோ கண்ணாடி விரியன் நஞ்சையோ முறிக்க வேண்டும் என்பது தரக்கணக்கு. இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறப்பதாக 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. தமிழ்நாடு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது.

பையில் அடைத்த பிளாஸ்மா

மனிதப் பிளாஸ்மாவும் மருந்தாகிறது. ரத்த வங்கியில் கொடையாகப் பெற்ற ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்து, சில மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவை உறையவைத்தால் உறைபொருள்கள் கெடாமல் ஓராண்டு வரை நிற்கும். கல்லீரல் செயலிழந்தவருக்கும், பெருமளவு ரத்தம் இழந்தவருக்கும், பேறுகால ரத்தப் பெருக்கில் உறையும் ஆற்றல் தீர்ந்த தாய்க்கும் இது ஏற்றப்படுகிறது. சிவப்பணுவில் ஓ வகை எல்லோருக்கும் பொதுக் கொடை. பிளாஸ்மாவில் கணக்கு தலைகீழ்: ஏ, பி இரண்டுக்கும் எதிர்ப்பொருள் இல்லாத ஏபி வகைப் பிளாஸ்மாவே எல்லோருக்கும் பொருந்தும்.

உறைந்த பிளாஸ்மாவைக் குளிரிலேயே மெல்ல உருகவைத்தால் எட்டாம் உறைபொருள் செறிந்த வீழ்படிவு மிஞ்சும் என்று 1964இல் ஜூடித் பூல் கண்டார். ஹீமோபிலியா சிகிச்சை அதிலிருந்து வளர்ந்தது. பிளாஸ்மாவைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஆல்புமினைத் தனியே எடுக்கும் முறையை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எட்வின் கோன் உருவாக்கினார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், ஹீமோபிலியா ஏ நோயாளிகள் ஐவருடைய ரத்த மூலச் செல்களில் எட்டாம் பொருளுக்கான மரபணுவைச் சேர்த்து, அவர்கள் உடலே அதைப் பிளாஸ்மாவில் சுரக்கச் செய்ததை 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள்.

எல்லா நோய்க்கும் பிளாஸ்மா மருந்தாகிவிடாது என்பதையும் அண்மைக் காலம் காட்டியது. கோவிட் பரவிய 2020இல், குணமானவர்களின் பிளாஸ்மாவில் எதிர்ப்பொருள் இருக்கும் என்ற நம்பிக்கையில் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் பிளாஸ்மா வங்கி திறக்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், நோய் முற்றுவதையோ இறப்பையோ அது குறைக்கவில்லை என்று தெரிந்தது. 2021 மே மாதம் தேசிய சிகிச்சை நெறிமுறையிலிருந்து இது நீக்கப்பட்டது.

பிளாஸ்மாவைக் கொடுத்தவருக்கு அது விரைவில் மீள்கிறது. குடித்த நீரும் உண்ட உப்பும் சேர்ந்து ஓரிரு நாளில் அளவை நிரப்பிவிடுகின்றன. சிவப்பணுக்கள் பழைய எண்ணிக்கையை எட்ட வாரக்கணக்கில் ஆகும். ரத்தத்தின் பகுதிகளில் மிக எளிதில் புதுப்பிக்கப்படுவதும், குடிக்கும் நீரின் நன்மை தீமையை முதலில் ஏற்பதும் பிளாஸ்மாதான்.